லொடக் சக்கரமும் எட்டு ஆப்பும்

புதன்கிழமை காலையில் ஜட்கா வண்டி பேச ஆரம்பித்தது.

"லொடக்... லொடக்... லொடக்..."

லஸ் முனை வரைக்கும் மெஹபூப் பாஷா அது காதில் விழாததுபோல ஓட்டினார். டிராம் தண்டவாளத்தைக் கடந்தபோது சத்தம் இரண்டு மடங்கானது. பள்ளிக்கூடம் போக வண்டிக்குள் உட்கார்ந்திருந்த ஆறு பெண்களும் ஒரே மாதிரி தலையாட்டினார்கள். வண்டி அப்படி ஆட்டியது.

"குல்சும், உங்க வண்டி ஆதி தாளம் போடறதுடீ," என்றாள் விஜயலக்ஷ்மி. அவள் பாட்டு கற்றுக்கொள்கிறவள். தொடையில் தட்டிப் பார்த்துவிட்டு, "இல்லே, தப்பாப் போடறது," என்று திருத்தினாள்.

குல்சுமுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மெஹபூப் பாஷாவின் மகள். பத்து வயது. சத்தம் இடது சக்கரத்திலிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சக்கரத்தை இரண்டு நாள் முன்னால்தான் சரி செய்தார்கள் என்பதும் தெரியும்.

வண்டிச் சக்கரத்தின் நடுவில் உருண்டையாக ஒரு மரக்கட்டை இருக்கும். அதற்குக் குடம் என்று பெயர். ஆரக்கால்கள் எல்லாம் அதில்தான் செருகியிருக்கும். குடத்தின் நடுவில் துளை. அந்தத் துளைக்குள்தான் வண்டியின் இரும்பு அச்சு போகும். இரும்பு நேராக மரத்தில் உரசினால் மரம் தேய்ந்துவிடும். அதனால் துளைக்குள் ஓர் இரும்புக் குழலை அடித்து இறக்கியிருப்பார்கள். அச்சு குழலில் உரசலாம். குழல் மட்டும் மரத்தை விட்டு அசையவே கூடாது.

அசைந்தால், லொடக்.

கால்வாய் ஓரத்தில் பட்டறை வைத்திருக்கும் தணிகாசலம் ஆசாரிதான் திங்கட்கிழமை புதுக் குழலைப் பூட்டினார். "ஆறு வருஷத்துக்கு அசையாது பாய்," என்று கையைத் தட்டிச் சொல்லி அனுப்பினார். புதன்கிழமை சாயங்காலம் வண்டி திரும்பவும் பட்டறைக்குப் போனதும் முகம் சுருங்கிப்போய், குழலைச் சுற்றி மேலும் இரண்டு மர ஆப்பு அடித்துக் கொடுத்தார். வியாழக்கிழமை சத்தம் இன்னும் பெரிதாகிவிட்டது.

சனிக்கிழமை வண்டிச் சோதனை. வருஷத்துக்கு ஒரு முறை எல்லா ஜட்காவையும் மைதானத்தில் வரிசையாக நிறுத்திவைத்து அதிகாரி பார்ப்பார். சக்கரம் ஆடினால் நம்பர் தகட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார். தகடு இல்லாத வண்டி தெருவில் ஓடக் கூடாது. அடுத்த வாரமோ அறுபத்து மூவர் திருவிழா. மாம்பலத்திலிருந்தும் அடையாற்றிலிருந்தும் மயிலாப்பூருக்கு ஜனம் கொட்டும். வருஷம் முழுக்கக் காத்திருந்த அந்த வாரத்தில் வண்டி கொட்டகையில் கிடக்கும்.

வியாழக்கிழமை சாயங்காலம் பாஷா பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தினார். குல்சும் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா ஆசாரி, ஆறு வருஷம்னே. ஆறு நாள்கூட ஆவல!"

"நான் பூட்டின குழல் அசைஞ்சதா சரித்திரமே கிடையாது. நீ எங்கனா பள்ளத்துல வுட்டிருப்பே."

"பள்ளம் இல்லாத ரோடு எங்க கீது? காட்டு. நாளையிலேருந்து அதுலயே ஓட்டறேன்."

"உன் குதிரைக்கு ஒழுங்கா நடக்கத் தெரியல பாய். பேரு மட்டும் கவர்னரு!"

"கவர்னரை ஒண்ணும் சொல்லாதே!"

கவர்னர் என்கிற அந்தப் பழுப்புக் குதிரை, பட்டறை வேலியில் படர்ந்திருந்த அவரைக் கொடியை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.

"இனிமே உன் வாசல்ல கால் வச்சா என் பேரு மெஹபூப் பாஷா இல்ல!"

"வைக்காதே. கொடியாவது மிச்சமாகும்!"

லொடக் லொடக் என்று வீடு வந்து சேர்ந்தார்கள்.

வீட்டில் குல்சுமின் அம்மா ஹாஜிரா பீ திருகையில் உளுந்து உடைத்துக்கொண்டிருந்தாள். சரசரவென்று சுற்றிக்கொண்டிருந்த கல் திடீரென்று நின்றது. கைப்பிடிக் குச்சி அவள் கையோடு வந்துவிட்டது.

"ஏண்டீ, இன்னா குச்சி செருகினே? கல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் போறோம்."

திங்கட்கிழமைதான் பழைய குச்சி உடைந்துபோய் குல்சும் புதிதாக ஒன்றைச் செருகியிருந்தாள். வேப்பமரத்தில் ஒடித்த பச்சைக் குச்சி. அன்றைக்குக் கல்லால் தட்டித் தட்டி இறக்கவேண்டியிருந்தது. அவ்வளவு இறுக்கம்.

அவள் குச்சியை வாங்கிப் பார்த்தாள். தோல் சுருங்கியிருந்தது. குச்சி இளைத்திருந்தது. மறுபடி துளைக்குள் விட்டு ஆட்டினாள்.

லொடக்.

அதே சத்தம்.

குல்சும் குச்சியைக் கீழே வைத்தாள்.

போன சனிக்கிழமை ஆசாரி பழைய குழலைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைப் பட்டறைக்குப் பின்னால் போட்டுவிட்டு, திருவொற்றியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். அன்று சாயங்காலம் கவர்னருக்குத் தண்ணீர் காட்டப் போன குல்சும் சக்கரத்தைப் பார்த்தாள். பங்குனி வெயிலில் அது தனியாகக் கிடந்தது. பாவா கோடைக்காலத்தில் தினமும் சக்கரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுவார். காய்ந்தால் ஆரக்கால் கழன்றுவிடும் என்பார். (வீட்டில் உருது பேசுகிறவர்கள். அப்பாவைப் பாவா என்றுதான் கூப்பிடுவாள்.) பாவம், இந்தச் சக்கரத்தை யாரும் கவனிக்கவில்லையே என்று குல்சும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். குடத்தின் துளையையும் நிரப்பினாள். மேலே ஈரச் சாக்கும் போர்த்திவிட்டாள். ஞாயிற்றுக்கிழமையும் அதே உபசாரம்.

திங்கட்கிழமை காலையில் துளையைச் செதுக்கும்போது ஆசாரி சொன்னது நினைவுக்கு வந்தது.

"இன்னா மரம் பாய் இது! வெண்ணெ! உளி வழுக்கிக்கினு போவுது!"

தான் ஊற்றிய தண்ணீரால்தான் மரம் இப்படி நல்ல மரமாகிவிட்டது என்று அப்போது குல்சும் உள்ளுக்குள் பெருமைப்பட்டாள்.

பச்சைக் குச்சி காய்ந்தால் இளைக்கும். ஈரக் குடம் காய்ந்தாலும் அப்படித்தான். ஈரத்தில் இறுகியிருந்த குழல், காய்ந்ததும் ஆடத்தானே செய்யும்?

வாசலில் சத்தம் கேட்டது. பாவா சக்கரத்தை வண்டியிலிருந்து கழற்றி உருட்டிக்கொண்டு கிளம்பினார். குல்சும் ஓடிப்போய் முன்னால் நின்றாள்.

"எங்க பாவா?"

"கால்வாய்க்கு. ரெண்டு ராத்திரி தண்ணிக்குள்ள போட்டா ஊறி இறுகிடும். சோதனைக்கு முன்னாடி எல்லாரும் செய்யறதுதான். நவுரு."

"வேணாம் பாவா."

"நவுருடீ. இருட்டிடும்."

"சனிக்கிழமை ஆடாது பாவா. திங்கக்கிழமை காஞ்சிடும். திரும்ப ஆடும். குழல் கழண்டுக்கினு வந்தா? விஜயலக்ஷ்மி எப்பவும் இடது பக்கம்தான் உக்காருவா."

பாஷா உருட்டுவதை நிறுத்தினார்.

"அது ஏன் ஆடுதுன்னு எனக்குத் தெரியும்," என்றாள் குல்சும். கண்ணைச் சக்கரத்தின் மேல் வைத்துக்கொண்டே மீதியையும் சொல்லி முடித்தாள். பாவாவின் முகத்தைப் பார்த்தால் பாதியில் நின்றுவிடும் என்று அவளுக்குப் பட்டது.

"எத்தனை வாளி?" என்றார் பாஷா.

"சனிக்கிழமை ஆறு. ஞாயித்துக்கிழமை ஏழு."

"அது இன்னா ஏழு?"

"சனிக்கிழமை ஒண்ணு குறைஞ்சு போச்சோன்னு தோணிச்சு."

பாஷா சக்கரத்தைக் கால்வாய்ப் பக்கத்திலிருந்து பட்டறைப் பக்கம் திருப்பினார்.

"ஆசாரிகிட்ட நீதான் சொல்லணும்."

"நான்தான் சொல்லுவேன்," என்றாள் குல்சும்.

பட்டறையில் ஆசாரி சாமான்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கினார்.

"யாரு? மெஹபூப் பாஷா மாதிரி கீது. ஆனா அந்த ஆள் இந்த வாசல்ல கால் வச்சா பேரு மாறிடும்னாரே. இப்ப இன்னா பேரு?"

பாஷா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். குல்சும் முன்னால் வந்து, பதின்மூன்று வாளியையும் ஈரச் சாக்கையும் திருகைக் குச்சியையும் சொன்னாள்.

ஆசாரி திட்டவில்லை. மூலையில் குவிந்திருந்த சிராயைக் கிளறினார். திங்கட்கிழமை செதுக்கிய சுருள் ஒன்றை எடுத்தார். மற்றவை உதிரியாகக் கிடக்க, அது மட்டும் நீளமாக, கறுத்துச் சுருண்டிருந்தது.

"வெண்ணென்னு சொன்னேன்," என்றார் மெதுவாக.

"சொன்னீங்க மாமா."

"நாப்பது வருஷமா உளி புடிக்கிறேன். மரம் ஈரமா, காஞ்சதான்னு உளியே சொல்லும். அன்னிக்கும் சொல்லுச்சு. நான்தான் என் கைவாகுன்னு நெனச்சுக்கினேன்." சிராயை விட்டெறிந்தார். "காயட்டும்னுதானே போட்டுட்டுப் போனேன்! உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்."

"அப்ப பள்ளம்?" என்றார் பாஷா.

"பள்ளம் இல்ல."

"கவர்னர்?"

"அவரு ஒழுங்காத்தான் நடந்தாரு. போதுமா?"

சக்கரத்தைக் கிடத்தினார்கள். ஆப்புகளைப் பிடுங்கி, குழலைத் தட்டி வெளியே எடுத்தார் ஆசாரி. துளைக்குள் விரலை விட்டுத் தடவினார்.

"வெளிய காஞ்சிடுச்சு. உள்ள இன்னும் ஈரம் கீது. அது போனாத்தான் பூட்ட முடியும். இல்லன்னா மறுபடி இதே கதைதான்."

"நெருப்பு மூட்டிக் காட்டினா?"

"வெடிச்சிடும் பாய். அப்புறம் குடமே போச்சு."

"வெயில்ல வச்சா?"

"துளைக்குள்ள வெயில் எப்படிப் போவும்? நாலு நாள் ஆவும்."

இரண்டு பெரியவர்களும் துளையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குல்சும் யோசித்தாள். நெருப்பாக இருக்கக் கூடாது. ஆனால் சூடு வேண்டும். துளைக்குள் போகவும் வேண்டும்.

"மாமா, கடலை வறுக்கிற மணல்?"

"இன்னாது?"

"சகினா அக்கா கடையில. வறுத்து முடிச்சுக் கொஞ்ச நேரம் ஆனா கை பொறுக்கும். குடத்துல கொட்டினா மூலை முடுக்கெல்லாம் போவும் இல்ல?"

ஆசாரி பாஷாவைப் பார்த்தார். பாஷா வானத்தைப் பார்த்தார்.

"கை பொறுக்கணும். அதுக்கு மேல ஒரு சூடு கூடாது," என்றார் ஆசாரி.

வெள்ளிக்கிழமை வண்டி ஓடவில்லை. விஜயலக்ஷ்மியும் மற்றவர்களும் நடந்தே பள்ளிக்கூடம் போனார்கள். குல்சும் இரும்புச் சட்டியோடு தெருமுனைக் கடலைக் கடைக்குப் போனாள்.

"கடலை வேணாமா? மணல் மட்டுமா?" என்றாள் சகினா.

"மணல் மட்டும்தான். திரும்பக் கொண்டுவந்து கொடுத்துடுவேன்."

"கடை வச்ச நாளிலேருந்து கடலையில மணல் கீதுன்னு சண்டை போட்டவங்கதான் வந்தாங்க. மணலே போதும்னு வந்தது நீதான்."

குடத்தின் அடியில் சாக்கைச் செருகி அடைத்து, மேலிருந்து மணலைக் கொட்டினார்கள். ஆறியதும் வெளியே தள்ளிவிட்டு வேறு சூட்டு மணல். முதல் சட்டி மணல் கட்டி கட்டியாகக் கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. குல்சும் கடைக்கும் பட்டறைக்கும் நடந்தாள். பாஷா ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டு வந்து இரண்டு நடை போனார். பதினொன்றாவது சட்டி மணல் பொலபொலவென்று கொட்டியது. ஒரு துகள்கூடக் கையில் ஒட்டவில்லை.

ஆசாரி உளியால் துளையை ஒரு தட்டுத் தட்டினார். வெண்ணெய் இல்லை. கல் மாதிரி 'டக்' என்றது.

"இதான் மரம்," என்றார்.

அடுத்து ஆப்புக்குக் கட்டை தேடினார். பட்டறையில் இருந்த கட்டை ஒவ்வொன்றையும் எடுத்துக் காதோரம் வைத்துத் தட்டினார். ஒவ்வொன்றையும் உதட்டைப் பிதுக்கிக் கீழே போட்டார். ஒரு தரம் ஏமாந்தவர். எந்தக் கட்டையையும் இப்போது அவர் நம்பத் தயாராக இல்லை.

குல்சும் வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் அவளுடைய கிட்டிக் கோல் இருந்தது. அவள் பிறப்பதற்கு முன்னால் உடைந்துபோன ஓர் ஆரக்காலிலிருந்து பாவா செய்து கொடுத்தது. அந்தக் கோலால் அவள் கிட்டியை அடித்தால் கால்வாய்க்கு அந்தப் பக்கம் போய் விழும். தெருப் பையன்கள் அதைக் கடன் கேட்டுக் கெஞ்சியிருக்கிறார்கள். யாருக்கும் கொடுத்ததில்லை.

ஆசாரி தட்டினார். 'டங்' என்று மணி மாதிரி சத்தம் வந்தது.

"நல்லா காஞ்சது. ஆனா இதைப் பிளந்தா நீ இன்னாத்துல விளையாடுவே?"

"பிளந்துடுங்க மாமா. சீக்கிரம்."

அவர் பிளக்கும்போது குல்சும் திரும்பி நின்று, தண்ணீர் காட்டக் கூட்டிவந்து வேலியில் கட்டியிருந்த கவர்னரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கவர்னர் மீதி அவரைக் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கோலிலிருந்து எட்டு ஆப்பு கிடைத்தது.

இரும்புக் குழலுக்கு வெளிப்பக்கம் காது மாதிரி இரண்டு புடைப்புகள் உண்டு. குடத்தில் அவற்றுக்கு இரண்டு பள்ளம். காதும் பள்ளமும் பொருந்தினால் குழல் மரத்துக்குள் தனியாகச் சுற்றாது. ஆசாரி பொருத்திப் பார்த்து, மேலே ஒரு மரக்கட்டையை வைத்து, மரச் சுத்தியலான கொட்டாப்புளியால் அடித்தார். இரும்பை நேராக அடித்தால் உடைந்துவிடும். அடிக்க அடிக்கக் குழல் முனகிக்கொண்டே இறங்கியது.

பிறகு சக்கரத்தை வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போய் வண்டியின் அச்சில் மாட்டினார்கள். குல்சும் ஒரு குச்சியைச் சக்கரத்தின் விளிம்புக்கு அருகே ஆடாமல் பிடித்துக்கொண்டாள். பாஷா சக்கரத்தைச் சுற்றிவிட்டார். ஓரிடம் மட்டும் குச்சியில் 'சர்' என்று உரசியது.

"இங்க மாமா!"

"அப்ப எதிர்ப்பக்கம் ஆப்பு."

மரத்துக்கும் குழலுக்கும் நடுவில் ஆசாரி ஓர் ஆப்பை இறக்கினார். மறுபடி சுற்றினார்கள். மறுபடி உரசல். மறுபடி ஆப்பு. எட்டாவது ஆப்பு இறங்கியதும் பாஷா சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிட்டார். குச்சியில் எதுவும் படவில்லை. சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது. மூன்று பேரும் அது தானாக நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எத்தனை வருஷம் ஆசாரி?" என்றார் பாஷா.

"கேக்காதே பாய். சனிக்கிழமை போவட்டும்."

சனிக்கிழமை அதிகாரி தொப்பியைச் சரிசெய்துகொண்டே வந்தார். வலது சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். இடது சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். சுற்றிவிட்டு, குனிந்து காதைக் கொடுத்தார்.

அதிகாரி மூக்கை உறிஞ்சினார். "என்னய்யா, கடலை வாசனை வருது?"

"ஆமா சார்," என்றார் பாஷா.

"வண்டியில வச்சுத் தின்னாதீங்க. குதிரை பேர் என்ன?"

"ராஜா, சார்." சர்க்கார் அதிகாரியிடம் கவர்னர் என்று சொல்ல முடியுமா?

அதிகாரி நோட்டைப் புரட்டினார். "போன வருஷம் சின்னான்னு எழுதியிருக்கே."

"வளந்துட்டான் சார்."

அதிகாரி கவர்னரை ஏற இறங்கப் பார்த்தார். எழுதிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போனார். நம்பர் தகடு இருந்த இடத்திலேயே இருந்தது.

திங்கட்கிழமை விஜயலக்ஷ்மி வழக்கம்போல இடது பக்கம் உட்கார்ந்தாள். லஸ் முனையில் தண்டவாளத்தைத் தாண்டியதும், "என்னடீ, தாளமே காணோம்?" என்றாள். திருவிழா வாரம் முழுக்க வண்டி அப்படியே ஓடியது.

திருவிழா முடிந்த மறுநாள் தணிகாசலம் ஆசாரி தானே வீடு தேடி வந்தார். கையில் துணி சுற்றிய ஒரு கோல். இழைத்து, வழவழப்பாக்கி, பிடியில் வரி வரியாக வெட்டியிருந்தார்.

"இந்தா. பழசை விட இது தூரம் போவும்."

குல்சும் கோலை வாங்கினாள். முகம் மலர்ந்தது. பிறகு அதைக் காதோரம் வைத்து விரலால் தட்டினாள்.

'டொக்' என்றது.

இன்னொரு தரம் தட்டினாள். ஆசாரியும் குனிந்து காதைக் கொடுத்தார். அவர் காது சிவந்துவிட்டது.

"இன்னும் பத்து நாள் காயணும் மாமா," என்று சொல்லிக் கோலைத் திருப்பிக் கொடுத்தாள் குல்சும்.

ஆசாரி அதை வாங்கித் துணியில் சுற்றிக்கொண்டார். தெருவில் நாலு அடி போனவர் திரும்பி நின்றார்.

"காயறதுக்குத்தான் வைக்கப் போறேன். யாரும் தண்ணி ஊத்தாதீங்க!"